இரு வேக வண்டியும் ஒரு கணப் பொறுமையும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்வோருக்கு லொறிகளின் ஓசை புதிதன்று. மாவாலையிலிருந்து கோதுமை மாவையும், சீமெந்துத் தொழிற்சாலையிலிருந்து சீமெந்து மூட்டைகளையும், சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களிலிருந்து எரிபொருளையும் ஏற்றிக்கொண்டு கனரக வாகனங்கள் கந்தளாய், ஹபரணை மார்க்கமாக நாட்டின் உட்பகுதிகளுக்குச் செல்கின்றன. இவற்றைப் பார்த்து வளரும் சிறுவனுக்கு லொறியின்மீது ஆசை பிறப்பது இயல்பே. முற்காலத்தில் அந்த ஆசை தீப்பெட்டியாலும் சோடாப் போத்தல் மூடிகளாலும் செய்த வண்டியோடு நிறைவுற்றது. இந்நாளிலோ, கையிலுள்ள ஒரு சிறு கருவியின் துணைகொண்டு தூரத்திலிருந்தே ஓட்டத்தக்க வண்டிகள் கடைகளுக்கு வந்துவிட்டன. அவற்றுள்ளும் சில, உண்மையான லொறியைப் போலவே உயர் கியர், தாழ் கியர் என இரு வேகங்களை உடையன.

விலை உயர்ந்த இவ்வண்டியை வாங்கிக்கொடுக்கும் பெற்றோரும், அதனை ஓட்டும் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கியர் மாற்றும் அந்த ஒரு கணத்திலேதான் வண்டியின் ஆயுள் அடங்கியிருக்கிறது. அந்தக் கணத்தைப் பற்றிய அறிவு விளையாட்டோடு முடிவதன்று. மலைப்பாதையில் லொறி ஓட்டும் சாரதியின் உயிரையும், அவனை எதிர்ப்படுவோரின் உயிரையும் காப்பதும் அதே அறிவுதான்.

வானொலியால் ஓடிய முதற் படகு

கம்பித் தொடர்பு ஏதுமின்றி ஓர் யந்திரத்தைத் தூரத்திலிருந்து இயக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா என்னும் விஞ்ஞானி. 1898ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் மடிசன் சதுக்க மண்டபத்தில், நீர்த் தொட்டியில் மிதந்த சிறு படகு ஒன்றை அவர் வானொலி அலைகளால் இயக்கிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி அமெரிக்க அரசு அவருக்கு 613,809ஆம் இலக்கக் காப்புரிமையை வழங்கியது. ஆக, வானொலியால் ஓடிய முதல் விளையாட்டுப் பொருள், நமது துறைமுகத்துக்கு ஏற்றாற்போல, ஒரு படகே எனலாம்.

தரையில் ஓடும் வண்டிகள் பலருடைய கைக்கு எட்டுவதற்கு இன்னும் பல ஆண்டுகள் சென்றன. ஜப்பானில் சிசுவோக்கா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1976இல் தனது முதலாவது வானொலிக் காரை வெளியிட்டது. 1981இல் அதே நிறுவனம் வெளியிட்ட டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டி, மூன்று வேகங்களை உடைய கியர்ப் பெட்டியைக் கொண்டிருந்தது. 2017இல் அமெரிக்காவின் டிராக்ஸஸ் நிறுவனம் வெளியிட்ட டீஆர்எக்ஸ்-4 என்னும் வண்டியில், ஓட்டுபவர் நின்ற இடத்திலிருந்தே ஓர் ஆளியைத் தட்டி உயர் கியருக்கோ தாழ் கியருக்கோ மாற்றிக்கொள்ள முடியும். தூரத்திலிருந்து கியர் மாற்றும் வசதி எவ்வளவு இன்பமானதோ, அவ்வளவு பொறுப்பையும் அது நம்மீது சுமத்துகின்றது. ஏனெனில், உண்மையான லொறியில் கியர்த் தண்டின் அதிர்வைச் சாரதியின் கை உடனே உணரும். தூரத்து வண்டியின் வேதனையை ஆளியைத் தட்டும் விரல் உணராது.

இரண்டு கியர்கள் எதற்காக?

மின் மோட்டர் ஒன்று மிக விரைவாகச் சுழலும். ஆனால் தனித்து நின்று அதிக பாரத்தை இழுக்கும் வலிமை அதற்கில்லை. ஆகவே, சிறிய பற்சில்லு ஒன்றால் பெரிய பற்சில்லு ஒன்றைச் சுழற்றி, வேகத்தைக் குறைத்து வலிமையைப் பெருக்குகின்றோம். வேகத்தை விலையாகக் கொடுத்து வலிமையை வாங்குகின்றோம் என்று சொன்னாலும் பொருந்தும்.

இதனை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்வோம். ஒரு வண்டியின் மோட்டர் நிமிடத்துக்கு 12,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். உயர் கியரில் மோட்டர் 15 முறை சுழன்றால் சில்லு ஒரு முறை சுழலும். தாழ் கியரில் மோட்டர் 40 முறை சுழன்றாற்றான் சில்லு ஒரு முறை சுழலும். அப்படியாயின், உயர் கியரில் சில்லு நிமிடத்துக்கு 800 சுற்றும், தாழ் கியரில் 300 சுற்றும் சுழலும். சில்லின் விட்டம் 10 சென்டிமீற்றர் எனக் கொண்டால், உயர் கியரில் வண்டி மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர் வேகத்திலும், தாழ் கியரில் 6 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த வேகத்திலும் ஓடும். வேகம் குறைந்தபோதிலும், சில்லைத் திருப்பும் வலிமை தாழ் கியரில் இரண்டரை மடங்குக்கும் மேலாகப் பெருகிவிடுகிறது.

ஆகவே உப்புவெளிக் கடற்கரையின் இளகிய மணலிலும், ஓர்ஸ் ஹில் போன்ற ஏற்றங்களிலும், கல்லும் வேரும் நிறைந்த வளவுகளிலும் தாழ் கியரே உகந்தது. சமதரையில், தடையற்ற வெளியில் உயர் கியர் பொருந்தும். ஏற்றத்தில் உயர் கியரைப் பிடிவாதமாக வைத்திருந்தால் மோட்டர் திணறும். திணறி நின்றுவிட்ட மின் மோட்டரே மிக அதிகமான மின்னோட்டத்தை உறிஞ்சும். அம்மின்னோட்டம் அத்தனையும் வெப்பமாக மாறி மோட்டரையும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் எரித்துவிடக்கூடும்.

ஓட்டத்தில் மாற்றினால் நேர்வது யாது?

பிள்ளைகள் பொதுவாகச் செய்யும் தவறு இதுவே: வண்டி உயர் கியரில் முழுவேகத்துடன் பாய்ந்து செல்லும், எதிரே மணல்மேடு தென்படும், உடனே ஆளியைத் தட்டித் தாழ் கியருக்கு மாற்றிவிடுவார்கள். அப்போது வண்டியினுள் நிகழ்வது என்ன?

மேற்சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். சில்லுகள் நிமிடத்துக்கு 800 சுற்று வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கின்றன. அந்த நிலையில் தாழ் கியர் பிணைக்கப்பட்டால், மோட்டர் 800ஐ 40ஆல் பெருக்கிய அளவு, அதாவது நிமிடத்துக்கு 32,000 சுற்று சுழல வேண்டும். மோட்டரோ 12,000 சுற்றிலேதான் இருக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் அதனால் 32,000க்குத் தாவ இயலுமா? இயலாது. ஆகவே ஓடும் வண்டியின் வேகம் ஒருபுறமும், மோட்டரின் தயக்கம் மறுபுறமுமாக நின்று இழுக்க, இடையில் அகப்பட்ட பற்சில்லின் பற்கள் அந்த அடியைத் தாங்குகின்றன. உரலுக்கு ஒருபக்கம் இடி, மத்தளத்துக்கு இருபக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளத்தின் நிலைதான் பற்சில்லுக்கு. ஒரு முறை தாங்கும். பத்து முறை தாங்கும். பின்பு ஒரு பல் உடையும். உடைந்த பல் மற்றப் பற்களிடையே புகுந்து அவற்றையும் உடைக்கும்.

தாழ் கியரிலிருந்து உயர் கியருக்கு மாறும்போது நிலைமை சற்று இலகுவானது. சில்லு 300 சுற்று சுழலும் வேளையில் உயர் கியருக்கு மோட்டர் 4,500 சுற்று சுழன்றாற் போதும். 12,000இல் இருக்கும் மோட்டரின் வேகம் அந்த அளவுக்கு இறங்க வேண்டும். விசையைத் தளர்த்தாமல் மாற்றினால் இங்கும் ஓர் அதிர்ச்சி உண்டு. ஆனால் முன்னதைப் போன்ற கொடிய அதிர்ச்சி அன்று.

உண்மையான மோட்டர் வாகனங்களில் இந்த இடர்ப்பாட்டை நீக்குவதற்கு இரு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, இயந்திரத்தையும் கியர்ப் பெட்டியையும் சிறிது நேரம் பிரித்துவைக்கும் கிளச்சு. மற்றையது, இணையப்போகும் இரு பற்சில்லுகளின் வேகத்தையும் உராய்வினால் முன்கூட்டியே சமமாக்கும் ஒத்தியக்க அமைப்பு. பின்னதை 1928இல் அமெரிக்காவின் காடிலாக் கார்கள் முதன்முதலில் தாங்கிவந்தன. அதற்கு முந்திய வாகனங்களிலும், அதன் பின்னரும் நெடுங்காலம் பல லொறிகளிலும் சாரதிகள் கிளச்சை இருமுறை மிதித்து, இடையே இயந்திரத்தின் வேகத்தைச் செவியாலேயே மதிப்பிட்டுச் சரிசெய்து கியர் மாற்றினார்கள். பழைய லொறிச் சாரதிகளின் தேர்ச்சி அவர்களுடைய காதில் இருந்தது என்றால் மிகையாகாது.

நமது சிறிய வண்டியில் பொதுவாகக் கிளச்சும் இல்லை. ஒத்தியக்க அமைப்பும் இல்லை. சேர்வோ எனப்படும் குட்டி மோட்டர் ஒன்று ஒரு வளையத்தை இப்புறமோ அப்புறமோ தள்ளுகிறது. வளையத்திலுள்ள தடித்த பற்கள் உரிய சில்லைக் கவ்விக்கொள்கின்றன. அவ்வளவே. ஆகையால் கிளச்சின் வேலையை ஓட்டுபவருடைய விரலே செய்ய வேண்டும்.

மாற்றும் முறை

முறையான கியர் மாற்றத்தை ஐந்து படிகளாக மனத்திற் பதித்துக்கொள்ளலாம்.

முதலாவது, முன்னதாகவே தீர்மானித்தல். மணலும் ஏற்றமும் வருமுன்னரே எந்தக் கியர் வேண்டும் என்பதை முடிவுசெய்க. ஏற்றத்தின் நடுவில் முடிவெடுப்பவன் காலந் தாழ்த்தியவன் ஆவான்.

இரண்டாவது, விசையை விடுதல். விரலை முற்றாகத் தளர்த்தி வண்டியைச் சமதரையில் நிறுத்துக. அல்லது ஒரு முதியவர் மெல்ல நடக்கும் வேகத்துக்கேனும் குறைத்துக்கொள்க.

மூன்றாவது, ஆளியைத் தட்டுதல். ஒரு முறை மாத்திரமே தட்டுக. சேர்வோ தன் வேலையை முடிப்பதற்கு ஒரு கண அவகாசம் கொடுங்கள். ஆளியை மேலும் கீழுமாகத் தட்டி விளையாடுவது ஆகாது.

நான்காவது, மெல்ல அசைத்தல். வண்டி முற்றாக நின்றிருக்கும்போது சில சமயம் வளையத்தின் பல்லும் சில்லின் பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். ஒன்றுக்குள் ஒன்று புகாது. அந்நிலையில் சேர்வோ தள்ளிக்கொண்டே நின்று சூடேறும். ஆகவே விசையை மிக மெதுவாக அழுத்தி வண்டியை ஒரு விரற்கடை அளவு நகர்த்துக. பற்கள் விலகி இடம்விட, வளையம் தன் இடத்திற்சென்று அமரும்.

ஐந்தாவது, செவிமடுத்தல். "கிளிக்" என்னும் சிறு ஓசையும், அதன்பின் மாறிய மோட்டர் ஒலியும் கேட்டால் வேலை முடிந்தது. "கறகற" என்னும் ஓசை கேட்டாலோ உடனே விசையை விட்டுவிடுக. அந்த ஓசை பற்கள் தேய்வதன் முறைப்பாடு ஆகும்.

இந்த ஐந்து படிகளும் இரண்டு அல்லது மூன்று வினாடிக்குள் முடிந்துவிடும். அதைப் பொறுக்க இயலாதவர், உடைந்த கியர்ப் பெட்டிக்கான உதிரிப்பாகம் கடல் கடந்து வந்துசேரும் வரை வாரக்கணக்கிற் பொறுத்திருக்க நேரிடும்.

சரிவில் மாற்றாதீர்

இதுவரை கூறியவை வண்டியைக் காப்பதற்கு. இனிக் கூறுவது மனிதரைக் காப்பதற்கு.

மின் மோட்டரால் ஓடும் இவ்வகைச் சிறு வண்டிகளுட் பெரும்பாலானவற்றில், உண்மையான வாகனத்திலுள்ளதைப் போன்று சில்லை இறுகப் பிடிக்கும் பிரேக் கிடையாது. விசையை விட்டதும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மோட்டரையே தடையாக மாற்றுகிறது. மோட்டரின் தடை பற்சில்லுகளின் வழியே சில்லுகளைச் சென்றடைகிறது. அதாவது, மோட்டருக்கும் சில்லுக்கும் உள்ள பிணைப்பு இருக்கும் வரைதான் பிரேக்கும் உண்டு.

கியர் மாறும்போது வளையம் ஒரு சில்லை விட்டு மறு சில்லைப் பற்றுவதற்கு இடையில், எதனையும் பற்றாத ஒரு கணம் இருக்கிறது. சமதரையில் அக்கணம் தீங்கற்றது. சரிவிலோ, அந்தக் கணத்தில் வண்டிக்குப் பிரேக்கே இல்லை. வண்டி உருளத் தொடங்கும். சில்லின் வேகம் ஏறும். ஏறிய வேகத்தில் வளையம் மறு சில்லைக் கவ்வ இயலாமல் "கறகற" என உரசிக்கொண்டே போகும். அதற்குள் வண்டி தெருவுக்கு வந்துவிடும். சில கிலோ நிறையுடைய வண்டி ஒன்று சரிவில் உருண்டுவந்து சைக்கிளில் செல்லும் ஒருவரின் முன் குறுக்கிட்டால் விளையப்போவதைச் சொல்லவும் வேண்டுமோ? அதனைப் பிடிப்பதற்காகப் பிள்ளை இருபுறமும் பாராது தெருவுக்கு ஓடிவருவது அதனினும் பேராபத்து.

உண்மையான லொறிக்கும் இதுவே விதி. திருகோணமலையில் பாரமேற்றிய லொறி தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்கும், அங்கிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கும் செல்லக்கூடும். திரும்பும் வழி பெரும்பாலும் இறக்கம். மொத்தம் 10 தொன் நிறையுள்ள லொறி ஒன்று 300 மீற்றர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். அவ்விறக்கத்தில் வெளிப்படும் சக்தி, ஏறத்தாழ 100 லீற்றர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அந்தச் சக்தி முழுவதையும் பிரேக்கே உறிஞ்ச வேண்டுமானால், பிரேக் தகித்துப் பிடிமானத்தை இழக்கும். சாரதி எவ்வளவு அழுத்தினாலும் லொறி நிற்காது. இதனாலேயே, ஒரு மலையை எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில், அல்லது அதனினும் தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும் என்றும், அந்தக் கியரை இறக்கம் தொடங்குமுன்னரே இட வேண்டும் என்றும் அனுபவசாலிகள் போதிக்கின்றனர். அப்போது இயந்திரமே லொறியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும்.

எரிபொருளை மிச்சம்பிடிக்கலாம் என எண்ணி, இறக்கத்தில் எந்தக் கியரும் இன்றி வாகனத்தை உருளவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. தற்கால டீசல் இயந்திரங்களிற் பெரும்பாலானவை, கியரில் இருந்தபடி இறங்கும்போது எரிபொருளைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. கியரின்றி உருளும்போதோ இயந்திரம் அணையாதிருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். ஆகவே அந்த மிச்சம் பொய். ஆபத்து மட்டுமே மெய். செங்குத்தான இறக்கத்தின் நடுவிற் கியரை எடுத்துவிட்ட சாரதி, தாழ் கியரை மீண்டும் இட முயலும்போது லொறியின் வேகம் அதற்கு இடங்கொடாமற் போகலாம். விளையாட்டு வண்டியின் "கறகற" ஓசையும் மலைப்பாதையில் எழும் அந்த ஓசையும் ஒரே எச்சரிக்கையையே உரைக்கின்றன.

நமது ஊருக்குரிய கவனங்கள்

திருகோணமலையின் கடற்கரை அழகானது. ஆனால் உப்பும் மணலும் யந்திரத்துக்குப் பகை. நுண்மணல் கியர்ப் பெட்டியினுட் புகுந்தால் அரம்போலப் பற்களை அராவும். கடற்கரையில் ஓட்டிய பின்னர், பற்றரியைக் கழற்றிவிட்டு, நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வண்டியைத் துடைத்து, காற்றில் உலர்த்துக. உரிய காலத்திற் கியர்ப் பெட்டியைத் திறந்து, பழைய கிறீசை நீக்கிப் புதியதை இடுவதும் அவசியம். வாடைக்காற்றோடு மழை பொழியும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் துரு விரைவிற் பிடிக்கும். கடலலைக்கு அண்மையில் ஓட்டுவதை எக்காலத்திலும் தவிர்ப்பது நலம். வண்டி உப்புநீரில் அமிழ்ந்தால் மின்கருவிகள் கெட்டுவிடும், வானொலி அலையும் அதனை எட்டாது.

வண்டியைத் தொடக்கும்போது கையிலுள்ள கருவியை முதலிலும், வண்டியைப் பின்னரும் இயக்குக. நிறுத்தும்போது வண்டியை முதலில் நிறுத்திய பின்னரே கைக்கருவியை நிறுத்துக. இவ்வொழுங்கு மாறினால் கட்டளையிடுவார் இன்றி வண்டி தன் போக்கில் ஓடக்கூடும். தொடர்பு அறுந்தால் தானே நின்றுவிடும் பாதுகாப்பு ஏற்பாடு வண்டியில் இருப்பின், சில்லுகளைத் தரையிலிருந்து உயர்த்திவைத்து அதனை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டும். லிதியம் பற்றரியை உரிய மின்னேற்றியிலன்றி வேறெதிலும் ஏற்றலாகாது. வீட்டில் ஒருவரும் இல்லாத நேரத்திலோ, யாவரும் உறங்கும் இரவிலோ மின்னேற்றுவதும், உப்பிப் பருத்த பற்றரியைப் பயன்படுத்துவதும் தீவிபத்துக்கு வழியாகும்.

இன்னுமொன்று. கடற்படைத் தளமும் விமானப் படைத் தளமும் துறைமுகமும் அமைந்த ஊர் நமது ஊர். தடைசெய்யப்பட்ட பகுதிகளின் அருகே வானொலி வண்டிகளைக் கொண்டுசெல்லாதிருத்தல் வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அனுமதித்த அலைவரிசையில் இயங்கும் கருவிகளையே வாங்குதல் வேண்டும். பிரெட்ரிக் கோட்டையினுள் கோணேசர் ஆலயத்துக்குச் செல்லும் ஏற்றப் பாதை அடியார்களுக்கும், அங்கு உலாவும் புள்ளிமான்களுக்கும் உரியது. வண்டி ஓட்டும் களம் அன்று. பெரியவர் ஒருவரின் மேற்பார்வையுடன், மதில் சூழ்ந்த வளவோ விளையாட்டுத் திடலோ கிடைத்தால் அதுவே போதுமானது.

விளையாட்டும் வித்தையும்

விலை உயர்ந்த பொருளைப் பிள்ளையின் கையில் கொடுப்பது தகுமா எனப் பெற்றோர் தயங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் இந்த வண்டியை முறையோடு ஓட்டும் மாணவன், பாடநூலில் வாசித்த வேகம், விசை, உராய்வு, சக்தி ஆகியவற்றைத் தன் விரல் நுனியிலேயே கற்றுக்கொள்கிறான். பற்களை எண்ணி விகிதத்தைக் கணக்கிடவும், ஒலியைக் கொண்டு நோயை அறியவும், திருகாணி ஒன்றையும் தொலைக்காமல் பெட்டியைப் பிரித்து மீளப் பூட்டவும் பழகுகிறான். பெற்றோரும் உடனிருந்து, "தம்பி, இந்தச் சரிவுக்கு எந்தக் கியர்? ஏன்?" என்று கேட்டுப் பழக்குவார்களாயின், அது வீட்டிலேயே நடைபெறும் ஒரு விஞ்ஞான வகுப்பாகிவிடும். ஆண்பிள்ளைக்கு மட்டுமே இது உரியது என எண்ண வேண்டுவதில்லை. தங்கையின் கையிலும் கைக்கருவியைக் கொடுத்துப் பாருங்கள்.

இன்று வளவினுள் விளையாட்டு வண்டியை ஓட்டும் பிள்ளைகளுட் சிலர், நாளை பாரமேற்றிய லொறியையோ பயணிகள் நிறைந்த பஸ்ஸையோ மலைப்பாதையில் இறக்கிக்கொண்டு வருவார்கள். விரலைத் தளர்த்தி, வேகம் அடங்கும் வரை காத்திருந்து, ஓசையைக் கேட்ட பின்னரே முன்செல்லும் பழக்கம் அவர்களிடம் அதற்குள் ஊறியிருக்குமானால், அந்தப் பாதையில் செல்வோர் யாவருக்கும் அது நன்மையாய் முடியும்.